கடைசி மீன் கடித்த இடம்

இரண்டு கோடைகளுக்கு முன்பு, லண்டன் சட்டனில், கடைத்தெருவை ஒட்டிய ஒரு பஸ் தரிப்பிடத்தில் இது நடந்தது. அப்படிச் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. நடந்தது கனடாவில், ஒன்ராறியோ ஏரியில். நான் பஸ் தரிப்பிடத்து இருக்கையில், பக்கத்தில் பிள்ளையின் தள்ளுவண்டியோடு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்த ஏரியை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கோடையில் சட்டனின் வானிலையை விட அந்த ஏரியின் வானிலைதான் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

என் கணவர் சின்ன வயதிலேயே பெற்றோருடன் ரொறொன்ரோவுக்குப் போய் அங்கே வளர்ந்தவர். அவருடைய பெரியப்பா மகனுக்கு அந்த ஏரியில் ஒரு படகு இருக்கிறது. விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், சால்மன் மீன் பிடிக்க வைத்து, மத்தியானம் கரைக்குக் கொண்டுவந்து விடுவது தொழில். என்னைக் கல்யாணம் செய்து லண்டனுக்கு வந்த பிறகும் அவருடைய மனம் அந்தப் படகை விட்டு முழுதாக வரவில்லை. அந்த வருடம் பெரியப்பா மகனுக்கு முதுகில் சத்திரசிகிச்சை. கோடை முழுக்கப் படகைக் கொண்டுபோய்வர ஆள் வேண்டும் என்று கேட்டார். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் கேட்டால் மறுக்க முடியாது. என் கணவருக்கு மறுக்க விருப்பமும் இருக்கவில்லை.

என்னையும் வரச் சொன்னார்கள். மகளுக்கு அப்போது ஐந்து மாதம். குறைமாதத்தில் பிறந்தவள் என்பதால் இங்கே மருத்துவமனையில் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். போவதா விடுவதா என்று பல நாள் யோசித்து, போகாமல் விட்டேன். விட்ட பிறகு, போயிருக்கலாமோ என்று யோசித்தேன். நான் அப்படித்தான். மருந்தகத்தில் வேலை செய்கிறவள். ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, அந்த ஆள் கதவைத் திறப்பதற்குள் மறுபடியும் சீட்டைப் பார்ப்பேன்.

மகப்பேற்று விடுமுறையில் வீட்டில் இருந்ததால், படகின் கரை வேலை என்னிடம் வந்தது. கனடா இலக்கம் ஒன்றை என் கைத்தொலைபேசியில் போட்டுத் தந்தார்கள். படகில் போக விரும்புகிறவர்கள் அந்த இலக்கத்துக்கு அழைத்தால் சட்டனில் நான் எடுப்பேன். எந்தெந்த நாள் இடம் இருக்கிறது, என்ன உடுப்போடு வரவேண்டும், படகு ஆட்டத்தில் சத்தி வராமல் இருக்க எந்த மாத்திரையை எப்போது போடவேண்டும், எல்லாம் சொல்வேன். காலையில் ஏரியில் குளிரும், தடித்த ஜாக்கெட் கொண்டுவாருங்கள் என்று பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டுப் பார்த்தால், நான் அன்று முழுவதும் வீட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன்.

வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தமிழர்கள். "வெள்ளிக்கிழமை பிடிச்சு சனிக்கிழமை சமைச்சா அது வெள்ளிக்கிழமை மச்சமோ, சனிக்கிழமை மச்சமோ?" என்று, வெள்ளியில் மீன் தொடாத ஒருவர் உண்மையாகவே கேட்டார். எல்லோரிடமும் கட்டாயம் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. படகுக்கு வாழைப்பழம் கொண்டு வரக்கூடாது. அந்த ஏரியில் படகு விடுகிறவர்களின் நம்பிக்கை அது. வாழைப்பழம் ஏறினால் மீன் கடிக்காது, இயந்திரம் மக்கர் பண்ணும் என்பார்கள். கோயிலில் பூசை வைத்து வாழைப்பழத்தோடு புறப்பட்டுப் பழகிய சனத்திடம் இதைச் சொல்வது எளிதல்ல. "பிள்ளை, நீர் சைவசமயம்தானே?" என்று ஒரு அம்மா சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறா.

எங்கள் நாள் இப்படிப் போகும். அங்கே விடியுமுன், இங்கே காலை பத்து மணிபோல, படகுத் துறையில் இருந்து அவர் அழைப்பு எடுப்பார். திரையில் மகளைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, "சரி, போட்டு வாறன்" என்பார். பின்னேரம் ஐந்து மணியளவில், அங்கே மத்தியானம், ஒரே ஒரு சொல் எழுத்தில் வரும்: கட்டியாச்சு. படகைத் துறையில் கட்டியாயிற்று என்று அர்த்தம். அந்தச் சொல் வந்த பிறகுதான் நான் தேத்தண்ணீர் குடிப்பேன். பிறகு மீன்களைச் சுத்தம் செய்து கொடுத்து, படகையும் கழுவிவிட்டு, இங்கே பிள்ளையை நித்திரையாக்கும் நேரத்தில் மறுபடியும் எடுப்பார்.

அந்த அழைப்பில் அவர் மீன் கதை மட்டும்தான் கதைப்பார்.

எத்தனை அடித் தண்ணீரில் நின்றது, காற்று எந்தப் பக்கம், மீனை ஏய்க்கத் தூண்டிலில் கட்டும் தகட்டில் எந்த நிறத்துக்குக் கடித்தது. நான் பிள்ளைக்கு நாப்பி மாற்றிக்கொண்டோ, பால் போத்தலைக் குலுக்கிக்கொண்டோ "ம்" போடுவேன். எப்போதாவது "நீர் என்ன செய்தனீர்?" என்று கேட்பார். "ஒண்டுமில்லை, வழமைபோலத்தான்" என்பேன். உண்மையில் சொல்ல நிறைய இருக்கும். அன்று மகள் முதல்முறை தவழ்ந்திருப்பாள். அல்லது, நாள் முழுக்க வேறு ஒரு பெரிய ஆளோடும் முகம் பார்த்துக் கதைக்காமல் இருந்துவிட்டு, கடைக்காரர் மீதிக் காசைத் தரும்போது தேவையில்லாமல் இரண்டு நிமிடம் அவரோடு நின்று கதைத்திருப்பேன். அதை எப்படிச் சொல்வது. அவருடைய கதையில் சூரியனும் மீனும் இருந்தன. என்னுடையதில் ஈரத் துணிதான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்பது எங்கள் ஆட்களிடம் கூடாத காரியம். போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். என் கணவர் கனடாவில் வளர்ந்தாலும் இதில் மட்டும் அவருடைய அம்மாவைப் போல. வாழைப்பழத்துக்கும் பயம், இந்தக் கேள்விக்கும் பயம். ஏரியில் கிழக்கே போகப்போகிறாரா, மேற்கேயா, எவ்வளவு தூரம் என்று அவர் புறப்படும்போது சொல்லமாட்டார். நானும் கேட்பதில்லை.

அன்று காலை கேட்டுவிட்டேன்.

அதற்கு முதல்நாள் முழுக்க மகளுக்கு இலேசான காய்ச்சல், நான் நித்திரை இல்லாமல் இருந்தேன். திரையில் அவருக்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. துறை விளக்கில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. பனிமூட்டமா என்று கேட்டேன். "ஓம், கொஞ்சம் புகாராக் கிடக்கு. வெயில் ஏற விட்டிடும்" என்றார். "போட்டு வாறன்" என்றார். என் வாயில் இருந்து, "இதுக்குள்ள எங்க போகப் போறியள்?" என்று வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "கேட்டிட்டீரே. அம்மாட்டச் சொல்லட்டோ?" என்றார். பதில் சொல்லவில்லை. அழைப்பு நின்றது.

அன்று படகில் போனவர்கள் ஒரு தமிழ்க் குடும்பத்து ஆண்கள் நான்கு பேர். ஒரு மாமனார், அவருடைய மூன்று மருமகன்மார். பின்னேரம் ஐந்து மணி ஆயிற்று, கட்டியாச்சு வரவில்லை. மீன் கடித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் சுணங்கும், அது வழமைதான் என்று எனக்கு நானே சொன்னேன். வீட்டில் இருந்தால் கைத்தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று, மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தமிழ்க் கடைக்குப் போனேன். என்ன வாங்கினேன் என்று நினைவில்லை. கடையை விட்டு வெளியே வரும்போது கனடா இலக்கத்துக்கு அழைப்பு வந்தது. அந்த மாமனாரின் மனைவி.

"தங்கச்சி, இவையள் வந்திட்டினமோ? நான் இஞ்ச கார் விடுற இடத்தில நிக்கிறன். படகைக் காணேல்லை. நீங்கள் எந்தப் பக்கத்தில நிக்கிறியள்?"

நான் லண்டனில் நிற்கிறேன் என்று சொன்னேன்.

அந்த அம்மா மெதுவாகக் கேட்டா. "லண்டனிலயோ? அப்ப இஞ்ச ஆர் பிள்ளை நிக்கினம்?"

கரையில் யாரும் இல்லை. கரை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தது என்னைத்தான். பக்கத்தில் இருந்த பஸ் தரிப்பிடத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

கணவருக்கு எடுத்தேன். போகவில்லை. அண்ணைக்கு எடுத்தேன். அவர் கட்டிலில் கிடந்தபடி எடுத்தார்.

"பதறாதையும் பிள்ளை. மீன் இழுக்கத் தொடங்கினா அவனுக்கு உலகம் மறந்துபோகும்."

"எந்தப் பக்கம் போனவர் எண்டு உங்களுக்குச் சொன்னவரோ அண்ணை?"

"எனக்கோ? அவன் எனக்குச் சொல்லுறதில்லை. நானும் கேக்கிறதில்லை." கொஞ்சம் பொறுத்து, "வாழைப்பழம் ஏத்தினவங்களோ எண்டு அந்த மனிசியைக் கேட்டனீரோ?" என்றார்.

அவர் பகிடி விடவில்லை. நானும் சிரிக்கவில்லை. மீட்புப் படைக்குச் சொல்லட்டா என்று கேட்டேன். இன்னும் ஒரு மணித்தியாலம் பார்ப்போம், வீணாக அவர்களைக் கூப்பிட்டு, இவன் மீனோடு சிரித்துக்கொண்டு வந்தால் துறையில் எல்லோருக்கும் கதையாகிவிடும் என்றார். அது நியாயம்தான். அப்போது அந்த அம்மா மறுபடியும் எடுத்தா.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்ல மறந்திட்டன். கோயில்ல தந்த பழம் கொஞ்சம் மனிசன்ர பைக்குள்ள வச்சு விட்டனான். நீர் வேண்டாமெண்டு சொன்னனீர்தான். சாமிப் பழம்தானே எண்டு..." அழுகிற குரல்.

அதனால் ஒன்றும் இல்லை அம்மா என்று நான் ஆறுதல் சொன்னேன். சொல்லிக்கொண்டே, நான் காலையில் கேட்ட கேள்விதான் காரணம் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவள் நான். அந்த நேரம் அது ஒன்றுக்கும் உதவவில்லை.

ஒரு பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் தள்ளுவண்டியைப் பார்த்துவிட்டு, ஏற வசதியாகப் பஸ்ஸை ஒரு பக்கம் தாழ்த்தினார். நான் தலையாட்டி, போகச் சொன்னேன். கதவு மூடியது.

மீட்புப் படைக்கு எடுப்பதா விடுவதா. எடுத்தால், ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கியவள் ஆவேன். எடுக்காவிட்டால்? அந்த நான்கு பேரில் ஒருவருக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்க இருந்தது. முன்பதிவு செய்யும்போது, இதுதான் கடைசிச் சுதந்திரம் அக்கா என்று அவர் என்னிடம் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. கோடை தொடங்கியபோது என் கணவர் மீட்பு மையத்தின் இலக்கத்தை என் கைத்தொலைபேசியில் போட்டுத் தந்திருந்தார். தேவைப்படாது, சும்மா கிடக்கட்டும் என்றார். அதை அழுத்தினேன். ஒலிக்கத் தொடங்கியதும் வைத்துவிடலாமா என்றும் நினைத்தேன்.

ஒரு ஆண் குரல் எடுத்தது. வயதைக் கணிக்க முடியாத, அவசரமில்லாத குரல். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். படகின் நிறம், நீளம், ஐந்து பேர், எத்தனை மணிக்குப் புறப்பட்டது. நான் லண்டனில் இருந்து பேசுகிறேன், மன்னிக்கவும், இது ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் என்றேன்.

"ஒன்றுமில்லாமல் இருந்தால் நல்லது" என்றார். "அவர் எங்கே போவதாகச் சொன்னார்?"

காலையில் நான் கேட்ட அதே கேள்வி. "தெரியாது" என்றேன். "அவர் சொல்வதில்லை. நாங்கள் கேட்பதில்லை."

அது ஏன் என்று அவர் கேட்டிருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன். அவர் கேட்கவில்லை. மறுமுனையில் வேறு யாருக்கோ ஏதோ சொல்லும் சத்தம் கேட்டது. படகை வானொலியில் கூப்பிடுகிறார்கள், பதில் இல்லை என்றார். பனிமூட்டம் இன்னும் விடவில்லை, விமானத்தில் பார்க்க முடியாது என்றார். ஏரி பெரியது என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கே தெரிந்தது.

"உங்களோடு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"மகள் இருக்கிறாள்."

"அவளிடம் கொஞ்சம் பேசலாமா?"

"அவளுக்கு எட்டு மாதம்."

"ஓ" என்றார். பிறகு, "அப்படியானால் நான் வைக்கவில்லை. இப்படியே லைனில் இருக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் என்னால் மறக்க முடியாதது. "சரி, இன்று எங்கே போனார் என்று விடுங்கள். நேற்று எங்கே போனார்?"

நேற்று.

நேற்று இரவு நான் மகளின் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியைத் தலையணையில் சாய்த்து வைத்திருந்தேன். அவர் கதைத்துக்கொண்டிருந்தார். நான் ம் போட்டேன். என்ன சொன்னார்? பிள்ளையின் கட்டைவிரலை என் விரல்களுக்குள் பிடித்தது நினைவுக்கு வந்தது. அந்த நகம் அரிசி போல இருந்தது. அந்த நேரம் அவரும் நகம் என்று ஏதோ சொன்னார். இவருக்கு நான் செய்வது தெரிகிறதா என்று ஒரு கணம் திரையைப் பார்த்தேன். இல்லை. "கரையில இருக்கிற கரண்ட் நிலையம் நகத்தளவுதான் தெரிஞ்சுது" என்றார். அவ்வளவு தூரம் வெளியே போனாராம்.

அதைச் சொன்னேன். மீட்பு மையத்துக்காரர், "எந்த நகத்தளவு?" என்று கேட்டார்.

"கட்டைவிரல். ஆனால் நான் சரியாகக் கேட்கவில்லை. பிழையாக இருக்கலாம்."

"சொல்லுங்கள். பிழையாக இருந்தால் தண்ணீரில் திருத்திக்கொள்வோம்."

நூலைப் பிடித்து இழுத்தது போல ஒவ்வொன்றாக வந்தது. மூன்று நாளாகக் கிழக்குக் காற்று. கரைப் பக்கத்துத் தண்ணீர் சுட்டுப்போய், மீனெல்லாம் குளிர் தேடி வெளியே போய்விட்டது. நூற்றைம்பது அடித் தண்ணீரில் ஒன்றும் இல்லை. முன்னூறைத் தாண்டிய பிறகுதான் ஒன்று இழுத்தது. போகும்போது சூரியன் கண்ணுக்குள் அடித்தது. அப்படியென்றால் கிழக்கே போயிருக்கிறார். அங்கே தொலைபேசிக்கு அலை இல்லை. திரும்புவதற்குக் கொஞ்சம் முன்பு கடைசி மீன் கடித்தது, பச்சைத் தகட்டுக்கு, அதுதான் பெரியது, அது அறுத்துக்கொண்டு போய்விட்டது. அறுத்துக்கொண்டு போனதை அவர் இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை நான் ம் போட மறந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

சொல்லிக்கொண்டு போகும்போது இன்னொன்றும் வந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அவர் எப்போதும் சொல்கிற ஒன்று. என்னோடு அழைப்பில் இருக்கும்போதே அவர்களிடம் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"நேற்றுக் கடைசி மீன் கடித்த இடத்தில்தான் அடுத்த நாள் தூண்டிலை இறக்கத் தொடங்குவார்" என்றேன். "எப்போதும் அப்படித்தான். அதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பார்."

அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் நின்றது. "நன்றி" என்றார். "இது நிறையப் பேர் தருவதை விடக் கூடுதல்."

அவர் வரைபடத்தைப் பார்த்து யாரிடமோ அடிக்கணக்கும் திசையும் சொல்வது கேட்டது. மீட்புப் படகு புறப்படுகிறது என்றார். இனி நேரம் எடுக்கும், நீங்கள் வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டார். பஸ் தரிப்பிடத்தில் இருக்கிறேன் என்றேன். பஸ் வரவில்லையா என்றார். வருகிறது, நான்தான் ஏறவில்லை என்றேன். எழுந்தால் ஏதாவது அறுந்துவிடும் போல இருந்தது. அதை நான் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. இடையிடையே "இருக்கிறீர்களா?" என்பார். "இருக்கிறேன்" என்பேன். மகள் விழித்து, பசியில் அழுதாள். ஒரு கையால் போத்தலைப் பிடித்துக் கொடுத்தேன். வேலை முடிந்து வந்தவர்கள் என்னைச் சுற்றி நின்று, பஸ் ஏறிப் போனார்கள். லண்டனில் கோடை வெயில் அந்த நேரத்திலும் பளிச்சென்று எரிந்தது. பனிமூட்டம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை.

முதலில் தலையாட்டி அனுப்பிய பஸ் மறுபடியும் வந்தது. அதே ஓட்டுநர். ஒரு சுற்று முடித்து வந்திருக்கிறார். மறுபடியும் பஸ்ஸைத் தாழ்த்தி, கதவைத் திறந்து, கொஞ்சம் கூடுதல் நேரம் காத்திருந்தார். பிறகு கையை உயர்த்திவிட்டுப் போனார்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. மகள் இரண்டாவது தடவை நித்திரையாகியிருந்தாள். காதில் வேறு குரல்கள் கேட்டன. பிறகு அவர்.

"இருக்கிறீர்களா?"

"இருக்கிறேன்."

"ஐந்து பேரும் நலம். உங்கள் கணவர் அங்கேதான் தொடங்கியிருக்கிறார். காற்று கொஞ்சம் தள்ளியிருந்தது, அவ்வளவுதான்."

நான் நன்றி சொன்னேனா என்று இன்றுவரை தெரியாது. சொல்லாமல் அழுதிருந்தால் அவர் மன்னிக்கட்டும். அவருடைய பெயரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். ஒரு பெரிய மீன் படகுக்கு அடியில் ஓடியிருக்கிறது. தூண்டில் நூல் இயந்திரத்தில் சிக்காமல் இருக்க இவர் இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார். பிறகு அது இயங்கவே இல்லை. மின்கலம் செத்துவிட்டது. வானொலிக்கும் அதே மின்சாரம்தான். கையில் வைத்துப் பேசும் சின்ன வானொலி அவ்வளவு தூரம் எட்டாது, பனிமூட்டத்தில் பக்கத்தில் வேறு படகும் இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு அவர்கள் சாப்பிட்டது அந்த அம்மா வைத்துவிட்ட வாழைப்பழங்களைத்தானாம்.

மீட்புப் படகு தொலைபேசி அலை உள்ள இடத்துக்கு வந்ததும் என் கணவர் எடுத்தார். முதலில், "பிள்ளை சாப்பிட்டவளோ? காய்ச்சல் விட்டிட்டுதோ?" என்றார். ஓம் என்றேன்.

"நீர் எப்பிடி இடம் சொன்னனீர்? நான் சொல்லேல்லையே."

"நேற்றுச் சொன்னனீங்கள்."

"நேற்றோ?" என்று யோசித்தார். "நீர் அதுகளைக் கேக்கிறதில்லை எண்டெல்லோ நான் நினைச்சன்."

எனக்குக் கோபம் போல ஏதோ வந்தது. "கேக்கிறதில்லை எண்டு தெரிஞ்சும் பிறகு ஏன் ஒவ்வொரு நாளும் சொன்னனீங்கள்?"

"வேற ஆருக்குச் சொல்லுறது?" என்றார்.

அவரைச் சுற்றித் துறை முழுக்க ஆட்கள், அண்ணை, அம்மா, சின்ன வயதுச் சிநேகிதர்கள் என்று நான் நினைத்திருந்தேன். தனியாக இருப்பது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

பின்னால் பஸ் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "நீர் இப்ப எங்க நிக்கிறீர்?" என்றார்.

"பஸ் தரிப்பிடத்தில. தமிழ்க் கடைக்குக் கிட்ட."

"எந்தத் தமிழ்க் கடை? அங்காலப் பக்கம் இருக்கிறதோ?"

அந்தக் கடை அவர் போன பிறகு திறந்தது. அவர் போய் மூன்று மாதம். அதற்குள் நான் போகிற கடை, பிள்ளையைக் கொண்டு போகிற பூங்கா, களைத்தால் உட்காருகிற மரத்தடி, எல்லாம் மாறியிருந்தன. ஒன்றையும் நான் சொல்லவில்லை. எனக்கு ஏதாவது நடந்து, அவள் நேற்று எங்கே போனாள் என்று யாராவது அவரைக் கேட்டிருந்தால், அவர் என்ன சொல்லியிருப்பார்? வழமைபோலத்தான் என்றாள், என்று சொல்லியிருப்பார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் தேட முடியாது.

அன்று அவரோடு கதைத்துக்கொண்டே, தள்ளுவண்டியை ஒரு கையால் தள்ளியபடி வீட்டுக்கு நடந்தேன். எந்தத் தெருவில் திரும்புகிறேன், எந்த வீட்டு மதிலில் பூனை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் "ம்" போட்டுக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு இடத்தில், "பொறும், எந்தப் பக்கம் திரும்பினனீர்?" என்று நிறுத்திக் கேட்டார்.

இப்போது படகில் மின்கலம் இரண்டு இருக்கிறது. அண்ணைக்கு முதுகு சரியாகிவிட்டதால், இவர் கோடையில் சில வாரங்கள்தான் போகிறார். போகும்போது எந்தப் பக்கம் என்று துறையில் எண்ணெய் நிரப்புகிறவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் வெள்ளைக்காரர், அவர் கேட்டால் காரியம் கெடாதாம். நான் இன்றும் கேட்பதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

மாலையில் அழைப்பு வந்தால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேட்கிறேன். கடைசி மீன் எங்கே கடித்தது என்று அவர் சொல்லி முடித்ததும், என்னுடைய முறை வரும். காலையில் பூங்கா, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து மூன்றாவது இருக்கை. பிறகு நூலகம். பிறகு மழை வந்ததால் மருந்தகத்து வாசலில் ஒதுங்கி நின்றது, மகள் மழையைப் பார்த்துக் கையை நீட்டியது. பெரிதாக ஒன்றும் இல்லைதான். ஆனால் என்னைத் தேட வேண்டி வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்த ஒரு ஆள் இப்போது இந்த உலகத்தில் இருக்கிறார்.